தேர்ச்சிப் பட்டியலுக்கு வெளியே: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இடைநிற்றலும் பள்ளி உதவித் திட்டங்களும்

2023ஆம் ஆண்டில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் முடிவுகள் வெளியானபோது, 97.67 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்திலேயே முதல் ஸ்தானம் பெற்றது பெரம்பலூர் மாவட்டம். மறு ஆண்டு 97.31 சதவீதத்தோடு அதே ஸ்தானத்துக்கு வந்தது அதன் உடன்பிறப்பாகிய அரியலூர்; 2025இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்விலும் 98.82 சதவீதம் பெற்று அரியலூரே முன்னின்றது. 2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதமாக இருக்கையில் பெரம்பலூரில் 74, அரியலூரில் 71 என்று கீழ்வரிசையில் கிடந்த இரு மாவட்டங்கள் இவை என்பதை நினைக்கும்போது, இந்த வெற்றியில் ஆசிரியர்களும் பெற்றோரும் கொள்ளும் பெருமிதம் முற்றிலும் நியாயமானதே. ஆயினும் தேர்ச்சிச் சதவீதம் என்பது தேர்வு எழுதியவர்களை வைத்துப் போடும் கணக்கு. ஆறாம் வகுப்பில் கூட உட்கார்ந்திருந்து, ஒன்பதாம் வகுப்பின் நடுவில் ஒரு நாள் வராமல் போய், பிறகு வராமலே போய்விட்ட பிள்ளை, அந்தக் கணக்கின் மேல் எண்ணிலும் இல்லை, கீழ் எண்ணிலும் இல்லை. அந்தப் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்திவைக்கத் தமிழ்நாடு இதுவரை என்னென்ன ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது, அவற்றுள் எவை பலித்தன, எவை உரிய இடத்தைத் தொடாமல் நிற்கின்றன என்பதை இவ்விரு மாவட்டங்களை முன்னிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பிரதேசத்தின் இயல்பைச் சொல்லிவிட வேண்டும். 1995 வரையில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது இந்நிலம். அவ்வாண்டில் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, 2002இல் மறுபடி அதனோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் நிலையாகப் பிரிந்தது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், மேற்கே பச்சைமலை என்னும் எல்லைகளுக்கு இடைப்பட்ட இப்பிரதேசத்தில், கொள்ளிடக் கரையோரத்துத் திருமானூர், தா.பழூர்ப் பக்கங்களை விட்டால் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பகுதிகளில் முந்திரி, பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல், அதை நம்பி எழுந்த சிமெண்டு ஆலைகள், அவற்றுக்கு ஓயாமல் போய்வரும் லாரிகள் ஆகியவையே இங்குள்ள ஜீவனோபாயம். இந்தப் பட்டியலில் பிள்ளைகளின் கைக்கு எட்டாத வேலை மிகச் சிலவே என்பதைக் கவனிக்க வேண்டும். பருத்தி எடுப்புக்கும் வெங்காயத் தாள் அறுப்பதற்கும் சிறு விரல்கள் போதும். மானாவாரிப் பருத்தி வெடிக்கும் தை, மாசி மாதங்களோ பள்ளியில் திருப்புதல் தேர்வு நடக்கும் மாதங்கள். முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவம் பங்குனியில் தொடங்கி ஆண்டுத் தேர்வின் மேலேயே வந்து விழுகிறது. 1953இல் இராஜாஜி கொண்டுவந்து, பலத்த எதிர்ப்புக்கு இலக்காகி, 1954இல் காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்ட அரைநேரப் பள்ளித் திட்டத்தை நாம் சரித்திரத்தில் படிக்கிறோம். பிள்ளையின் நாளில் பாதி வீட்டுக்கு உரியது என்ற எண்ணத்தைச் சட்டம் கைவிட்டது உண்மையாயினும், பருத்தி வெடித்த காட்டின் உடைமையாளருக்கும் கூலிக்காரருக்கும் அந்த எண்ணம் இன்றும் முற்றாக விட்டுப்போனதாகச் சொல்ல இயலாது.

இத்தகைய பூமியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்த முதற் பெரும் சக்தி சோறுதான். 1920இல் சென்னை மாநகராட்சியில் தியாகராய செட்டியார் காலத்தில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய ஒரு சிறு ஏற்பாடு, 1956இல் காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த நாளில் ஊர் மக்களின் நன்கொடையோடு மாநிலம் முழுதும் விரிந்து, 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டமாகப் பெருவடிவம் கொண்டது. அத்திட்டம் தொடங்கிவைக்கப்பட்ட இடம் திருச்சிக்கு அருகிலுள்ள பாப்பாக்குறிச்சி; அதாவது இப்போது நாம் பேசும் இரு மாவட்டங்களும் அன்று அடங்கியிருந்த மாவட்டத்திலேயே அது பிறந்தது. தர்மப் பிரச்சாரமாகவும் தேர்தல் தந்திரமாகவும் அதைப் பரிகசித்த பொருளாதார நிபுணர்கள் அந்நாளில் பலர். அவர்கள் எண்ணாத ஒரு பலன், வேலைக்குப் போனால் கிடைக்கும் கூலிக்கும் பள்ளிக்குப் போனால் வீட்டில் மிச்சமாகும் ஒருவேளைச் சோற்றுக்கும் இடையிலிருந்த தூரம், சிறு பிள்ளைகளைப் பொறுத்தவரை, குறைந்துபோனதே. முட்டை பின்னால் சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் 1,545 பள்ளிகளோடு தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பரவிய காலை உணவுத் திட்டம் அதே வழியில் வைத்த அடுத்த அடி. விடிவதற்குள் களையெடுக்கப் போய்விடும் தாயின் வீட்டில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இக்கிராமங்களை அறிந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

சோற்றுக்கு அடுத்தபடி செலவு. கட்டணம், புத்தகம், சீருடை, பேருந்துப் பயணம் என்று ஒவ்வொன்றாகப் பெற்றோரின் செலவுப் பட்டியலிலிருந்து அரசு அடித்துக்கொண்டே வந்தது. 1994இல் உருவான மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் பெண்களின் எழுத்தறிவு தேசிய சராசரிக்குக் கீழே இருந்த மாவட்டங்களைத் தேடி எடுத்தபோது, தமிழ்நாட்டில் அதில் சேர்ந்த ஏழு மாவட்டங்களுள் பெரம்பலூரும் ஒன்றாயிற்று. கட்டடங்களும் வட்டார வள மையங்களும் கிராமக் கல்விக் குழுக்களும் அதன் வழியாக வந்தன. பிறகு 2001இல் அனைவருக்கும் கல்வி இயக்கம். 2010 ஏப்ரல் முதல் நாளிலிருந்து கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். இவற்றின் கூட்டுப் பலனாக, தொடக்கப் பள்ளியில் சேராத பிள்ளை என்பது இன்று இவ்வூர்களில் அபூர்வக் காட்சி. பச்சைமலை அடிவாரத்துச் சில குடியிருப்புகளையும், செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு பெயர்ந்து செல்வோரின் பிள்ளைகளையும் விலக்கிவிட்டால், ஐந்தாம் வகுப்பு வரையில் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது என்றே கூறலாம்.

தீராதது எங்கே என்றால், எட்டாம் வகுப்புக்கும் பதினோராம் வகுப்புக்கும் நடுவே. அந்த இடத்தில்தான் மூன்று காரியங்கள் ஒரே சமயத்தில் ஒரு பிள்ளையின் மீது வந்து மோதுகின்றன. முதலாவது, வயது. கல்வி உரிமைச் சட்டத்தின் காவல் பதினான்கு வயதோடு முடிகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பதினான்குக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டவர்களை அபாயகரமான தொழில்களிலிருந்து மட்டுமே தடுக்கிறது. ஆகவே பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பள்ளியை விட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ, சிமெண்டு லாரியில் கிளீனராகவோ போனால், அவனைத் திருப்பி அழைக்க எவரும் கடமைப்பட்டவரில்லை. இரண்டாவது, கூலி. பத்து வயதுப் பிள்ளையின் உழைப்புக்கு ஈடாகச் சோற்றைக் காட்ட முடிந்தது. பதினைந்து வயதுப் பிள்ளையின் கூலிக்கு ஈடாக எந்தச் சத்துணவையும் காட்ட முடியாது. மூன்றாவது, கல்வி. எட்டு வரையில் தடையின்றி மேலே ஏற்றப்பட்ட பிள்ளை, தமிழ் வாசிப்பிலேயே தடுமாறும் நிலையில், ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று பொதுத் தேர்வின் நிழலுக்குள் வந்து நிற்கிறது. பெண் பிள்ளைகளுக்கு நான்காவதாக ஒன்று உண்டு, அது கல்யாணம். நூற்பாலைகளில் மூன்றாண்டு வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை தரப்படும் என்று சொல்லி, வறண்ட மாவட்டங்களிலிருந்து வளரிளம் பெண்களைக் கூட்டிச் சென்ற ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் ஏற்பாடு, கல்யாணச் செலவு, கூலி, படிப்பு நிறுத்தம் ஆகிய மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுக் காட்டியது.

அரசின் உதவித் திட்டங்களை இந்த இடத்தை மனத்திற்கொண்டு வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். கட்டணமில்லாச் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இடையில் நின்ற பெண் பிள்ளைகளுக்காக 2004இல் தோன்றிய கஸ்தூர்பா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகள் நெடுங்காலம் எட்டாம் வகுப்பு வரைக்குமே இருந்தன. மறுபுறம், மிதிவண்டி பதினோராம் வகுப்பில் கிடைக்கிறது. மடிக்கணினியும் மேல்நிலை வகுப்பிலிருந்தே தொடங்கியது. 2011இல், இடைநிற்றலைத் தடுப்பதற்கென்றே வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட சிறப்பு ஊக்கத்தொகையும் பத்தாம் வகுப்பில் தொடங்குகிறது: பத்திலும் பதினொன்றிலும் ஆண்டுக்கு 1,500 ரூபாய், பன்னிரண்டில் 2,000 ரூபாய், ஆக 5,000 ரூபாய் பொதுத்துறை நிதி நிறுவனம் ஒன்றில் வைக்கப்பட்டுப் படிப்பை முடித்த பின் வட்டியோடு கைக்கு வரும். படிப்பை முடிப்பவர்க்கு அது பரிசு. முடிக்காமல் போகிறவரை அது எட்டுவதே இல்லை. 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டமும், 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குச் செல்பவர்க்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன, மெச்சத்தக்க காரியமே. அதுவும், 1989இல் எட்டாம் வகுப்புப் படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு உதவியாகத் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டத்தின் பணத்தைக் கல்யாணப் பந்தலிலிருந்து கல்லூரி வாசலுக்கு மாற்றியது, கல்வித் துறையில் சமீப காலத்தில் நிகழ்ந்த மிகத் துணிச்சலான முடிவுகளுள் ஒன்று என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு அந்த ஆயிரம் ரூபாய் நான்கு ஆண்டுக்கு அப்பால் இருக்கிறது; அவளைப் பெண் பார்க்க வருபவர்களோ அடுத்த முகூர்த்தத்திலேயே நிற்கிறார்கள். படிகளின் அடிப்பகுதியிலும் உச்சியிலும் கைப்பிடி போட்டுவிட்டு, வழுக்கும் நடுப்படிகள் இரண்டை மறந்துபோன கட்டடம் போல இருக்கிறது இந்த அமைப்பு. ஆதிதிராவிட மாணவர்க்கு ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் மத்திய அரசின் படிப்புதவித் தொகை உண்டு. எட்டாம் வகுப்பில் தேர்வெழுதி வெல்பவர்க்கு நான்காண்டு கிடைக்கும் தேசிய வருவாய்வழித் தகுதி உதவித்தொகையும் உண்டு. முன்னதன் தொகை சிறிது, பின்னது ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளையையே தேடிச் செல்கிறது.

மிதிவண்டியின் விஷயத்தில் பீகார் நமக்குக் கற்பிப்பது அதிகம். அங்கே 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு மிதிவண்டிக்கான பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை ஏறக்குறைய 30 சதவீதம் கூடிற்று என்றும், பள்ளி தூரமாக இருந்த கிராமங்களிலேயே பலன் மிகுதி என்றும் கண்டார்கள். அதே மிதிவண்டிதான், இரண்டு வகுப்பு முன்னால் கொடுத்தார்கள். நமது மாநிலம் இத்திட்டத்தில் பீகாருக்கு முன்னோடி, 2001லேயே ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்களுக்கு அதைத் தொடங்கியது என்பதை எண்ணும்போது, கொடுப்பதில் முந்திக்கொண்ட நாம் கொடுக்கும் காலத்தில் பிந்திப்போனதாகவே தோன்றுகிறது.

பொருளுதவி எவ்வளவு தூரம் செல்லும் என்பதன் எல்லையை 2023 மார்ச் மாதம் பகிரங்கமாகக் காட்டிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் 50,000க்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை என்ற செய்தி வெளிவந்து சட்டமன்றம் வரையில் பேசப்பட்டது. காரணம் ஆராய்ந்தவர்களுக்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கொரோனா காலத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு இல்லாமலே எல்லோரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டு மேல்நிலைக்கு ஏற்றப்பட்ட பிள்ளைகளில் பலர் எப்போதோ வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பெயர் மட்டும் வருகைப் பதிவேட்டில் இருந்து, பெயர்ப் பட்டியலில் ஏறி, தேர்வு மண்டபத்தின் இருக்கை எண் வரையில் வந்து சேர்ந்துவிட்டது. பெயரை நீக்கினால் இடைநிற்றல் கணக்குக் கூடும். நீக்காவிட்டால் பிள்ளை படிப்பதாகவே ஏட்டில் இருக்கும். எமிஸ் என்னும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் ஒவ்வொரு நாளும் வருகையைப் பதியும் மாநிலத்தில், ‘லாங் ஆப்சென்ட்’ என்று ஆசிரியர்கள் சொல்லும் இந்த நீண்ட நாள் வராதவர்கள் இத்தனை பெரிய கூட்டமாக நின்றது, தகவல் போதவில்லை என்பதால் நேர்ந்ததன்று. தகவல் வந்தபின் வீட்டுக்குப் போவது யார் என்பது தீர்மானிக்கப்படாததால் நேர்ந்தது. அந்த ஆண்டு பள்ளி மேலாண்மைக் குழுக்களைக் கூட்டி, வராதவர்களைத் துணைத் தேர்வுக்கு அழைத்துவர அரசு முயன்றது. நல்ல முயற்சி, இரண்டாண்டு தாமதமாக.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரப் பள்ளிகளைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்த பால்ஃபான்ஸ், ஹெர்சாக் முதலியோர் 2007இல் வெளியிட்ட முடிவு இங்கே பொருந்தும். ஆறாம் வகுப்பிலேயே 80 சதவீதத்துக்குக் குறைந்த வருகை, கணக்கில் தோல்வி, மொழிப்பாடத்தில் தோல்வி, நடத்தையில் தாழ்ந்த மதிப்பு ஆகிய நான்கில் ஒன்று தென்பட்டாலே, அந்தப் பிள்ளை பள்ளிப் படிப்பை முடிப்பது அரிது என்று அவர்கள் கண்டார்கள். இந்த ஞானம் நம் ஹெட்மாஸ்டர்களுக்குப் புதிதன்று. எந்தப் பையன் நின்றுவிடுவான் என்று ஏழாம் வகுப்பிலேயே விரல் நீட்டிச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். விரல் நீட்டியபின் நடக்க வேண்டியதை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் 1990 முதல் செய்து பார்த்தார்கள்: ஆபத்திலுள்ள மாணவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பெரியவரை நியமித்து, அவன் பள்ளி மாறினாலும் வகுப்பு மாறினாலும் அவரே குறைந்தது இரண்டாண்டு அவனைத் தொடரும்படி செய்தார்கள். நமக்கு அண்டையில், அன்றைய ஆந்திரத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில் சாந்தா சின்ஹாவின் மாமிடிபுடி வெங்கடரங்கையா பவுண்டேஷன் 1991 முதல் நடத்திய காரியமும் சாரத்தில் இதுவே. பள்ளிக்கு வராத பிள்ளை எதுவாயினும் அது உழைக்கும் பிள்ளையே என்று கொண்டு, ஊர் இளைஞர்களை வீடு வீடாக அனுப்பி, பெற்றோரோடும் முதலாளியோடும் வாதாடி, இணைப்பு முகாமில் பிள்ளையைச் சில மாதம் வைத்துப் பழக்கி, அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்தார்கள். 2003இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. விருதைவிட முக்கியமானது, பெற்றோர் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள் என்று அதிகாரிகள் சொல்லிவந்த சமாதானத்தை அந்த மாவட்டத்தின் ஏழைப் பெற்றோரே பொய்யாக்கியது.

நம்மிடம் அப்படிப்பட்ட மனிதர்கள் இல்லாமலில்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருவின் படித்த இளம்பெண்கள், மாலை நேரத்தில் பிள்ளைகளைத் திண்ணையிலும் கோயில் வாசலிலும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பாடம் எவ்வளவு ஏறிற்று என்ற விசாரணை ஒருபுறம் இருக்கட்டும். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை வரவில்லை, ஏன் வரவில்லை என்பதை மறுநாளே அறியக்கூடிய ஒருவர் தெருவுக்குத் தெரு இருந்தார் என்பதே அதன் பெரும் பேறு. எட்டாம் வகுப்போடு அதுவும் நின்றது. 2025இல் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளில் வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கியவர்களுக்குத் தனியே கற்பிக்கத் தொடங்கிய ‘திறன்’ இயக்கம் ஒன்பதைத் தொட்டது நல்ல சகுனம்.

இவற்றுக்கெல்லாம் எதிராக உள்ளிருந்தே வேலை செய்யும் ஒரு சக்தியைச் சொல்லாமல் விட்டால் ஆராய்ச்சி நேர்மையாகாது. முதலிடம் பிடித்த மாவட்டத்துக்கு அந்த இடத்தைக் காப்பது ஒரு சுமையாகிவிடுகிறது. நூறு சதவீதம் காட்டாத பள்ளி ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. ‘மெல்லக் கற்போர்’ என்று பெயரிடப்பட்ட பிள்ளைகளுக்குக் காலையிலும் மாலையிலும் ஸ்பெஷல் கிளாஸ் நடத்தி ஆசிரியர்கள் படும் பாடு அளவிறந்தது. அதில் கரையேறியவர்கள் ஆயிரக்கணக்கானவர். ஆனால் அதே நிர்ப்பந்தம், கரையேற மாட்டான் என்று தோன்றும் ஒருவனைப் பத்தாம் வகுப்புக்கு வரும் முன்பே டி.சி. வாங்கிக்கொள்ளும்படி மெல்லச் சொல்லும் மனநிலையையும் பிறப்பிக்கிறது என்பது ஆசிரியர் வட்டாரங்களில் தாழ்ந்த குரலில் பேசப்படும் விஷயம். பெரம்பலூரில் மாவட்ட ஆட்சியராக இருந்த தரேஸ் அகமது, அரசுப் பள்ளிகளின் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து உயர்கல்விக்குப் பயிற்றிய ‘சூப்பர் 30’ ஏற்பாடு நியாயமான புகழ் பெற்றது. கடைசி முப்பது பேருக்கு அப்படி ஒரு ஏற்பாடு செய்து எவரும் புகழ் பெற்றதில்லை. தேர்வு முடிவோடு கூட, ஐந்தாண்டுக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இன்று தேர்வெழுதியவர் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் மாவட்டவாரியாக வெளியிட்டால் இந்த மனநிலை ஒரே ஆண்டில் மாறும். எமிஸில் அவ்விரு எண்களும் இருக்கின்றன.

குடும்பத்தில் நேரும் இடி இன்னொரு தனிக் காரணம். சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால் பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்புத் தொகை போடும் ஏற்பாடு உண்டு. 2025 செப்டம்பரில் வந்த அன்புக் கரங்கள் திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்த அல்லது ஒருவரை இழந்து மற்றவர் உழைக்க இயலாத நிலையிலுள்ள பிள்ளைக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பின்னதே சிறந்தது என்பேன். மாதந்தோறும் வரும் பணமே மாதந்தோறும் வரும் கூலியோடு போட்டியிட முடியும்.

நின்றுவிட்டவர்கள் திரும்பும் வழி ஒன்றே மிச்சம். பதினாறு வயதில் திருப்பூரில் வேலை செய்துகொண்டே பத்தாம் வகுப்பை முடித்துவிட வேண்டும் என்று ஆசைப்படும் ஆண்டிமடத்துப் பையன் என்ன செய்ய வேண்டும்? தனித்தேர்வராக எழுதலாம், ஆனால் அதற்கு முன் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிந்து, குறிக்கப்பட்ட பள்ளியில் நடக்கும் வகுப்புகளுக்கு வந்திருக்க வேண்டும். அந்த வகுப்புக்காக அவன் கூலியை விட்டுப் பல முறை ஊர் வந்து திரும்ப வேண்டும். பெரும்பாலும் முதல் மாதத்தோடு விட்டுவிடுகிறான். பனியன் கம்பெனிகளுக்கு வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரிலேயே ஓர் அரசுப் பள்ளியின் ஆய்வுக்கூடத்தை ஞாயிறுதோறும் திறந்துவைத்து, எந்த மாவட்டத்துப் பிள்ளை வந்தாலும் அந்தப் பயிற்சியைக் கொடுத்துச் சான்றளிக்கலாம். அதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ வேண்டியதில்லை, தேர்வுத் துறையின் ஓர் உத்தரவும் இரண்டு ஆசிரியர்களுக்கு மதிப்பூதியமும் போதும்.